புளியங்கொட்டையில் ஒரு கிருமிப் பாடம்

"காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க." ராயபுரமோ எண்ணூரோ, மெடிக்கல் வாசலில் காதில் விழும் பேச்சு இது. அந்த செட்டில் ஆன்டிபயாடிக் உண்டா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பிறகு மருந்து கேட்காமல் போனால், "உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். பழகியது உடம்பு அல்ல, கிருமி. அது அடுத்தவருக்கும் தொற்றும்.

இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டலாம். 2018இல் தொடங்கிய 'சூப்பர்ஹீரோஸ் அகெய்ன்ஸ்ட் சூப்பர்பக்ஸ்' முயற்சி, மாணவர்களையே சித்திரக்கதை வரைய வைக்கிறது. நம் வகுப்புக்குப் புளியங்கொட்டை போதும்.

தட்டில் 20 கொட்டைகள். 18 கறுப்பு, மருந்துக்குச் சாகும் கிருமிகள். 2 மட்டும் தாய விளையாட்டுக்குச் செய்வதுபோல் வெள்ளையாகத் தேய்த்தவை, சாகாதவை. தேவையின்றி ஆன்டிபயாடிக் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 5 கறுப்பை எடுங்கள். காலி இடத்தில் வெள்ளை பெருகும். 5 வெள்ளையை வையுங்கள். மூன்றாம் சுற்றில் 3 கறுப்பு, 17 வெள்ளை. வெள்ளையை மருந்து உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததற்கு இடம் கொடுத்தது. சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் தின்றால் நோய் குறையாது, தட்டுதான் வெளுக்கும்.

இது தூரத்துக் கதையல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழ் வெளியிட்ட ஆய்வு, வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் முறிக்கும் என்டிஎம்-1 மரபணுவைச் சென்னையின் 44 கிருமி மாதிரிகளில் கண்டது. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு கோரியது. 2014 மார்ச் 1 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. மருத்துவர், நோயாளி விவரங்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

• "இது ஆன்டிபயாடிக்கா? எதற்கு? எத்தனை நாள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சொன்ன நாளுக்குக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

• உதிரி மாத்திரையை மறுத்து, அட்டையும் பில்லும் கேளுங்கள். சீட்டின்றி விற்றால், பில்லோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

• கூலி போகுமே என்று மருத்துவரைப் பார்க்கத் தயங்குவோருக்கு, மாலையிலும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் உண்டு. சிகிச்சை இலவசம். ஆலோசனைக்கு 104 எண்ணை அழையுங்கள்.

• மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது உதவியல்ல.