இரும்புக்கும் களைப்பு உண்டு!

அரியலூர் ரெயில் பாதையில் ஒலியால் ஒரு சோதனை

பெரம்பலூர் நகருக்கு ரெயில் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ரெயில் ஏற, பஸ் பிடித்து அரியலூருக்கு வருகிறார்கள்.

விழுப்புரத்தையும் திருச்சியையும் இணைக்கும் இந்தப் பாதையில் இரவும் பகலும் ரெயில்கள் ஓடுகின்றன. பயணிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மறக்க முடியாத அதிகாலை

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. அடைமழை. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

அது வெள்ளம் செய்த கொடுமை. வெள்ளமாவது ஓசையோடு வரும். ஓசை இல்லாமல் வரும் பகை ஒன்று உண்டு. அது இரும்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும்!

கம்பி சொல்லும் பாடம்

ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால், 'படக்' என்று ஒடிந்துவிடும்.

தண்டவாளமும் அப்படித்தான். ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது இம்மி அளவு வளைந்து நிமிர்கிறது. இப்படி லட்சக்கணக்கான முறை! நாளடைவில் மயிரிழை போல விரிசல் விழுகிறது. அது மெல்ல மெல்ல வளர்கிறது. இதற்கு 'உலோகக் களைப்பு' என்று பெயர்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். ரெயில்வேக்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

ஊழியர்கள் ஒரு சிறு தள்ளுவண்டியைத் தண்டவாளத்தின் மீது தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். அதிலுள்ள கருவி, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் செலுத்துகிறது. இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்காகத் தண்ணீர் விடுகிறார்கள்.

ஒலி அடிப்பாகம் வரை சென்று திரும்பினால் குறை இல்லை. நடுவழியில் மோதித் திரும்பினால், திரையில் கோடு எழும்பும். அங்கே விரிசல்!

உடனே அந்த இடத்தை இரும்புப் பட்டைகளால் இறுக்குகிறார்கள். பிறகு பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டு வைக்கிறார்கள்.

வானத்திலும் இதே பகை

ஹெலிகாப்டரைத் தூக்கும் சுழல் இறக்கைகளுக்கும் இந்தக் களைப்பு உண்டு. அவற்றைத் தாங்கும் பாகங்களில் சிவப்புச் சாயம் தடவித் துடைக்கிறார்கள். மேலே வெள்ளை மாவு தூவினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும்.

ஆனால் உள்ளே இருக்கும் விரிசல் சாயத்துக்குச் சிக்காது. 2016-ல் நார்வேயில் ஒரு ஹெலிகாப்டரின் பல்சக்கரத்தில் களைப்பு விரிசல் உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது. சுழல் இறக்கை மொத்தமாகக் கழன்று பறந்தது. 13 பேர் பலியானார்கள்.

நடப்பதே காவல்

கருவி வந்தாலும் கண்ணுக்கு வேலை போகவில்லை. சாவிக்காரர் எனப்படும் ஊழியர் தினமும் தம் பகுதியை நடந்தே பார்க்கிறார். கையில் சுத்தி, கூடவே சிவப்புக் கொடி.

குளிர்ந்த விடியற்காலையில் இரும்பு சுருங்கப் பார்க்கும். விரிசல் விட்ட இடம் பிளக்கும். வீட்டில் எல்லாரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் தண்டவாளத்துக்குக் காவல் அதிகம் தேவை.