திக்கும் பிள்ளையும் அவசரப்படும் வீடும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைக்குப் பேச்சு திக்கினால் முதலில் வருவது வசம்பு. சுட்டு, இழைத்து நாக்கில் தடவுவார்கள். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசச் சொல்வாரும் உண்டு. இரண்டாலும் திக்கு தீராது; கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

நாக்கில் குறையில்லை

பேச்சை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாட்டால்தான் திக்குகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். 100 பிள்ளைகளில் 5 முதல் 8 பேருக்கு வரும். அவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆகவே, "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஆயா சொல்வதும் வெறும் பேச்சல்ல. எந்தப் பிள்ளைக்குச் சரியாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கு இருந்தாலோ, பேசும்போது பிள்ளை கண்ணை இறுக மூடினாலோ காத்திருக்க வேண்டாம்; பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

பயிற்சி நடப்பது வீட்டில்

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் காதுகொடுத்துக் கேட்பார். முதல் ஒலி திரும்பத் திரும்ப வருகிறதா, இழுபடுகிறதா, குரலே எழாமல் அடைக்கிறதா என்று கவனிப்பார். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறை பெயர்பெற்றது. அதில் தினமும் பயிற்சி தருபவர் அம்மாவோ அப்பாவோதான்: சிறிது நேரம் பிள்ளையோடு பேசி, தடையில்லாமல் வந்த பேச்சைப் பாராட்ட வேண்டும். பயிற்சியாளர் வாரம் ஒருமுறை பார்த்துத் திருத்துவார். பாகூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்தாலே ஒரு நாள் கூலி போய்விடும் என்கிற வீடுகளுக்கு, அன்றாடப் பயிற்சி வீட்டிலேயே நடப்பது பொருந்தும். மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் காணொலி வழியாகவும் பயிற்சி தருகிறது.

பள்ளி வயதில் பாடம் மாறும். முதல் ஒலியை மெல்லத் தொடங்கவும், உதட்டை இறுக்காமல் சேர்க்கவும் பழக்குவார்கள். திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் துணிச்சலும் பயிற்சியில் சேரும். 'நிதானமா பேசு' என்று அதட்டுவதையும், வாக்கியத்தைப் பிடுங்கி முடித்துவைப்பதையும் வீட்டார் விட வேண்டும். இதுதான் அவர்களுக்குக் கடினமான பாடம்.

வகுப்பறையில்

வருகைப் பதிவின்போது கையைத் தூக்கினால் போதும் என்று ஆசிரியர் விட்டுவிடலாம். இருவராகச் சேர்ந்து படிக்கும்போது பெரும்பாலும் திக்காது. தனியே எழுப்பி வாசிக்கச் சொல்வதற்கு முன் இதைச் செய்துபார்க்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளையின் திக்கைப் பற்றிச் சொல்லி, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்கலாம்.