கடல் கடந்த இல்லறமும் காகிதக் கடமைகளும்

திருமண விருந்தின் ஆரவாரம் அடங்குமுன்னே மணமகனின் விடுமுறை முடிந்துவிடுகிறது. அவர் அமெரிக்காவுக்குத் திரும்புகிறார். மணமகளோ தாய் வீட்டில் தங்கிவிடுகிறாள். "இன்னும் விசா வரவில்லையா?" என்று ஞாயிறுதோறும் ஆலய வாசலில் கேட்போர்க்கு விடை சொல்லியே அவள் சோர்ந்துபோகிறாள். நம் குடும்பங்கள் பலவும் அறிந்த நிலை இது. அந்தக் காத்திருப்பின் உள்விவரங்களை அறிந்துகொண்டால் வீண் கலக்கமும் வீண் செலவும் குறையும்.

பிரிவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது முதலில் கணவரின் நிலையைப் பொறுத்தது. அவர் அமெரிக்கக் குடிமகனாயின், மனைவி மிக நெருங்கிய உறவினர் என்னும் வகையில் அடங்குவாள். இவ்வகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மனுவையும் ஆவணங்களையும் பரிசீலிக்க ஆகும் காலமே காத்திருக்கும் காலம். கணவர் கிரீன் கார்டு பெற்ற நிரந்தரவாசி மட்டுமே எனில், மனைவியர்க்குரிய விசாக்களுக்கு ஆண்டு வரம்பு உண்டு. மனுக் கொடுத்த நாளை வைத்து வரிசையில் நிற்க வேண்டும். தற்காலிக வேலை விசாவில் இருப்பவரோ, தம்மைச் சார்ந்தவராக மனைவியைத் தற்காலிகமாக அழைத்துக்கொள்ளலாமேயன்றி, இம்மனுவைச் செய்ய இயலாது. ஆகவே, "மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்" என்று மகிழும் பெற்றோர், "எந்த விசாவில் இருக்கிறார்?" என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

விண்ணப்பம் மனைவியிடமிருந்து தொடங்குவதில்லை. கணவரே 'ஐ-130' என்னும் மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அளித்து, தம் திருமணம் உண்மையானது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அது ஏற்கப்பட்டதும், கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையத்திற்குச் செல்கிறது. கட்டணங்களைச் செலுத்திய பின் மனைவி 'டிஎஸ்-260' என்னும் விண்ணப்பத்தைக் கணினி வழியே நிரப்ப வேண்டும். கணவர் 'ஐ-864' என்னும் ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்தை அளிக்க வேண்டும். பொதுவாக அவர் வருமானம், அவருடைய குடும்ப அளவுக்கு அந்நாட்டு அரசு வரையறுத்த வறுமைக்கோட்டின் 125 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. குறையுமாயின், தகுதியுள்ள வேறொருவர் உடன் பொறுப்பேற்கலாம். இப்பத்திரம் வெறும் சம்பிரதாயமன்று. நீதிமன்றத்தில் செல்லத்தக்க ஒப்பந்தம். மணமுறிவுகூட அப்பொறுப்பைத் தானாக நீக்கிவிடுவதில்லை.

ஆவணங்களில் நம்மவர் பெரிதும் இடறுவது பெயரில்தான். திருமுழுக்குப் பதிவேட்டில் அந்தோணியம்மாள், பள்ளிச் சான்றிதழில் ஆன்டனி மேரி, பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தையின் பெயரே குடும்பப் பெயர்! நமக்கு இவை மூன்றும் ஒரே பெண். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பெண்கள். மனுச் செய்யுமுன்பே இவற்றை ஒப்புநோக்கி, திருத்தக்கூடியவற்றை முறைப்படி திருத்திக்கொள்ள வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள், பதிவு இல்லை என்று உரிய அலுவலகம் தரும் சான்றோடு, திருமுழுக்குச் சான்று, பள்ளிச் சான்று போன்றவற்றைத் துணையாக அளிக்கலாம். இதனால் பங்கு அலுவலகத்துப் பழைய பதிவேடு எவ்வளவு அருமையான சொத்து என்பது விளங்கும்.

திருமணப் பதிவிலும் கவனம் வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி ஆலயத்தில் நடைபெறும் திருமணம் சட்டப்படி செல்லும். ஆயினும், 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், எச்சமயத்தவர் திருமணமும் அரசுப் பதிவாளரிடம் பதியப்பட வேண்டும் என்கிறது. மணநாளிலிருந்து 90 நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். விடுமுறை முடிந்து மணமகன் விமானம் ஏறுமுன் இதை முடிப்பதே அறிவுடைமை.

இறுதிக் கட்டம் மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும். பரிசோதனையைத் தூதரகம் நியமித்த மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். குடும்ப வைத்தியரின் சான்று செல்லாது. இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்திலேயே நடைபெறுகின்றன. அதிகாரி கேட்பன எளிய கேள்விகளே: எவ்வாறு சம்பந்தம் பேசினீர்கள், திருமணத்திற்கு யார் வந்தார்கள், அவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை முறை சந்தித்தீர்கள்? பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் என்பது குறையன்று. அதை மறைத்துக் காதல் கதை புனைவதே குறை. மனப்பாடம் செய்த விடை தேவையில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே நல்லது.

காத்திருப்பு நீளும்போது, "சுற்றுலா விசாவில் போய்விடலாமே" என்று யோசனை சொல்வோர் பலர். கணவரோடு தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து அவ்விசா பெறுவது பொய்யுரையாகும். அது தெரியவந்தால் நிரந்தரத் தடைகூட நேரிடலாம். தங்கும் காலத்தை மீறி 180 நாட்களுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்து வெளியேறியவர்க்கு 3 ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தவர்க்கு 10 ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடையுண்டு. ஓராண்டுப் பிரிவைக் குறைக்கப் போய்ப் பத்தாண்டுப் பிரிவை வாங்கிக்கொள்ளலாமா? "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று பணம் கேட்கும் தரகரிடமும் எச்சரிக்கை வேண்டும். விசாவை முடிவு செய்பவர் தூதரக அதிகாரி ஒருவரே.

பெற்றோர் அறிந்தே ஆக வேண்டியது மற்றொன்று. போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மணமாகி இரண்டாண்டு நிறையுமுன் நிரந்தரவாசியாக நுழையும் மனைவிக்கு இரண்டாண்டு நிபந்தனை உரிமையே கிடைக்கும். அது முடியும் முன் உள்ள 90 நாட்களுக்குள், இருவரும் சேர்ந்து 'ஐ-751' மனுவில் கையொப்பமிட வேண்டும். "நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டும் கணவர்களும் உண்டு. அம்மிரட்டல் முழு உண்மையன்று. கொடுமைக்கு ஆளான மனைவி கணவரின் கையொப்பமின்றித் தானே மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. 1994-இல் வந்த மற்றொரு சட்டம், குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் கொடுமைக்குள்ளான துணைவர், அவர் தயவின்றியே குடியேற்ற மனு அளிக்க வழிசெய்தது. ஆபத்து வேளையில் அந்நாட்டில் அழைக்க வேண்டிய எண் 911.

ஆகவே, மகளுக்கு நகையும் பட்டும் கொடுத்தனுப்பும் பெற்றோர், இவற்றையும் சொல்லியனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டை அவளே வைத்திருக்கட்டும். எல்லா ஆவணங்களின் நகலும் ஊரில் ஒன்று, அவள் கையில் ஒன்று இருக்கட்டும். அங்கே சென்றபின் ஆங்கிலம் பேசவும், வெளியே தனியே சென்று வரவும் பழகட்டும். நல்ல கணவர் இதனால் வருந்தமாட்டார், மகிழவே செய்வார்.

1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், புலம்பெயர்ந்த தொழிலாளர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேரும் உரிமையுடையவர் என்கிறது. அரசின் கதவு தன் நேரத்தில்தான் திறக்கும். அதுவரை கணவன் மனைவியிடையே கடிதமும் தொலைபேசியும் குறையாமலிருக்கட்டும். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்க அரசின் அறிவிப்பையே பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் காத்திருக்கும் பெண்ணிடம் "விசா வந்ததா?" என்று கேட்பதை விடுத்து, "சாப்பிட்டாயா அம்மா? வீட்டுக்கு வந்து போயேன்" என்று அழைப்பது நாம் அனைவரும் செய்யக்கூடிய உதவி.