கட்டுச்சோற்றில் எது தேறும்?

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகப் படை நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்மக்கள் பலர் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொடுத்தவர் யாரென்று போலீசுக்குத் தெரியாது. பசித்தவர் கைக்குச் சோறு போய்ச் சேர்ந்துவிட்டது. 13-ஆம் தேதி கிளம்பியவர்கள் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார்கள்.

கட்டுச்சோற்றுக்கு இப்படியொரு சரித்திரம் உள்ள ஊர் இது. இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால், பை இல்லாத கை இருக்கும். டப்பா இல்லாத பை இருக்காது. அதற்குள் பெரும்பாலும் ஐந்தில் ஒன்று: சாம்பார் சாதம், தயிர் சாதம், புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். உப்பளத்துக்குப் போகிறவர்களின் தூக்குவாளியில் பழைய சோறு. இவற்றில் எது உடம்புக்கு நல்லது? அரிசியைத் தொடவே கூடாது என்று ஒரு பக்கமும், பழைய சோறு சகல நோய்க்கும் மருந்து என்று இன்னொரு பக்கமும் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில், டப்பாவைத் திறந்து வைத்து நிதானமாகக் கணக்குப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு அலுவலக டப்பா. நடுத்தர அளவு எவர்சில்வர் டப்பாவில் சோற்றைக் கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்கி வைத்தால் 350 கிராம் வரை பிடிக்கும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக, சோறு மட்டும் 455 கலோரி. எலுமிச்சை சாதம் என்றால் தாளிக்க ஊற்றும் எண்ணெயில் இன்னொரு 180 கலோரி சேரும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் மொத்தம் 800-ஐ நெருங்கிவிடும். இவ்வளவு சாப்பிட்டும் கிடைக்கும் புரதம் 12 கிராம் அளவில்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. மூன்று வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு 16, 17 கிராம். மதியமே நான்கைந்து கிராம் துண்டு விழுகிறது. வயிறு நிறைந்துவிடுகிறது, மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது, ஐந்து மணிக்கு வடைக்கடையைத் தேடிக் கால் போகிறது.

குற்றம் எலுமிச்சை சாதத்தின் மீது இல்லை. அதே சாதத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையைக் கூடப் போட்டு, சோற்றில் இரண்டு கரண்டி குறைத்து, உருளைக்கிழங்குக்குப் பதில் பயறுச் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்தால் அது வேறு சாப்பாடாகிவிடும். 20 கிராம் வேர்க்கடலையில் 5 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். எலுமிச்சையின் வைட்டமின் சி பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் துணை செய்யும். அதனால்தான் அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி குறையும், சாறும் கசந்துபோகும்.

சாம்பார் சாதம் இந்த வரிசையில் இயல்பாகவே முன்னால் நிற்கிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. துவரம்பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமை பெறுகிறது. இதோடு முருங்கைக்காயோ கத்தரிக்காயோ அவரையோ உள்ளேயே வெந்து கிடக்கிறது. ஒரே டப்பாவில் தானியம், பருப்பு, காய் மூன்றும் வருவது இதில் மட்டும்தான். ஆனால் ஒரு நிபந்தனை: பருப்பு கையில் தட்டுப்பட வேண்டும். பருப்பைப் பேருக்குப் போட்டு, புளித்தண்ணீரும் பொடியுமாகக் கலந்து, மேலே நெய்யை ஊற்றினால் பெயர்தான் சாம்பார் சாதம்.

தயிர் சாதத்தில் புரதம் நடுத்தரம்; சுண்ணாம்புச்சத்தில் முதலிடம். 150 கிராம் தயிரில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கால்சியம் கிடைக்கும். டெல்டா வீடுகளில் வெதுவெதுப்பான சோற்றில் பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிரை மட்டும் கலந்து அனுப்புவார்கள். மதியத்துக்குள் அது உறைந்து புளிக்காத தயிர் சாதமாக இருக்கும். ருசிக்காகச் செய்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் டப்பாவுக்குள்ளேயே பெருகி அமிலத்தை உண்டாக்குவதால், கெடுதல் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அங்கே இடம் குறைகிறது. கொதிக்கக் கொதிக்க உள்ள சோற்றில் தயிரைக் கலந்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

கெட்டுப்போவதைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கட்டுச்சோறு காலை ஆறு மணிக்குக் கட்டப்பட்டு மதியம் ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது. வேதாரண்யத்துச் சித்திரை வெயிலில் ஏழு மணி நேரம். அரிசியோடு பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வருகின்றன. சோறு கொதித்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் ஒரு நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது; வாந்தியை வரவழைக்கும். இந்த நுண்ணுயிருக்குப் பிடிக்காதது புளிப்பு. புளிக்காய்ச்சலில் புளியைச் சுண்டக் காய்ச்சுவதால் நீர் வற்றுகிறது, அமிலம் ஏறுகிறது, நல்லெண்ணெய் மேலே மூடுகிறது. யாத்திரை போகிறவர்கள் புளிசாதத்தைக் கட்டியதற்குக் காரணம் இதுதான். எலுமிச்சையும் தயிரும் ஓரளவு இதே காவலைச் செய்கின்றன. தேங்காய் சாதத்துக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. ஈரமும் கொழுப்பும் இனிப்பும் சேர்ந்து, வெயில் காலத்தில் அதுதான் முதலில் ஊசிப்போகிறது. சாம்பார் சாதம் அதற்கு அடுத்தது. பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் சோற்றை மூடுவதற்கு முன் அகலமான தட்டில் பரப்பி ஆவி அடங்கவிட்டுப் பிறகு டப்பாவில் போடுங்கள். மூடிக்கடியில் முத்து முத்தாக நிற்கும் அந்த நீர்தான் நுண்ணுயிருக்கு விருந்து.

இனி உப்பளம். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் பெரிய இடம் வேதாரண்யம். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பக்கமாகப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். நான் போயிருந்த அன்று, விடிவதற்கு முன்பே உப்பு வாரப் போனவர்கள் பத்து மணிவாக்கில் கீற்றுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா, நீராகாரத்தை முதலில் மூடியில் ஊற்றிக் குடித்தார். பிறகு சோற்றைப் பிழிந்து எடுத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, சுட்ட கருவாட்டை உப்பு அப்பிய விரல்களாலேயே கிள்ளி வைத்துச் சாப்பிட்டார். உள்ளங்கை வெடித்திருந்தது. "என்னா தம்பி, எங்க பழைய சோத்தப் போயி எழுதப் போறீங்களா? இது இல்லன்னா பன்னெண்டு மணிக்கு மயக்கம் வந்துடும்" என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. கடும் வெயிலில் உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்வை போகலாம். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு வெளியேறும். ஆளுக்கு ஆள் இது மாறும். உப்புப் போட்ட நீராகாரம் தண்ணீரையும் உப்பையும் கொஞ்சம் மாவுச்சத்தையும் ஒரே மடக்கில் திருப்பிக் கொடுக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் தத்துவமும் இதுதான்.

பழைய சோற்றுக்கு வேறு நன்மைகளும் உண்டு. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாக மாறுகிறது. இந்தோனேசியாவில் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், அப்போது வடித்த 100 கிராம் சோற்றில் 0.64 கிராமாக இருந்த இந்த மாவு, பத்து மணி நேரம் ஆறிய சோற்றில் 1.30 கிராமாகவும், 24 மணி நேரம் குளிரில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமாகவும் இருந்தது. பெருங்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு அது தீனி. ஆனால் அளவைக் கவனியுங்கள்: நூற்றுக்கு ஒன்றரைதான். சர்க்கரை நோயாளி இதை நம்பி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட முடியாது.

இன்னொரு கணக்கும் சுற்றுகிறது. சோற்றை ஊறவைத்தால் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 ஆக உயர்கிறது என்று. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதை உண்டாக்க முடியாது. தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்தை நொதித்தல் ஓரளவு உடைக்கும். அதனால் இருக்கும் இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பழைய சோறு நல்ல உணவு. அதன் பெருமைக்குப் பொய்க் கணக்கு தேவையில்லை. இரத்தசோகை உள்ள பெண்கள் அந்த எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

பெருமைப்படப் புழுங்கலரிசி இருக்கிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போதே தவிட்டில் உள்ள தயமின் என்ற வைட்டமின் உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் காயவைத்துக் குத்தித் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் தப்பித்ததைக் குன்னூர் உணவு ஆய்வுக்கூடத்தில் இருந்த அய்க்ராய்ட் போன்றவர்கள் எடுத்துக் காட்டினார்கள். கட்டுச்சோற்றுக்குப் புழுங்கலரிசியே மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

உப்பளத்து அக்காவின் தூக்குவாளியையும் அலுவலக டப்பாவையும் பக்கத்தில் வைத்தால், உப்புதான் இரண்டையும் வெவ்வேறு உணவாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கண்டது. சோற்றில் இயல்பாக உப்பு கிட்டத்தட்ட இல்லை, நாம் போடுவதுதான். தயிர் சாதத்துக்கு ஒரு கரண்டி ஊறுகாய் என்றால் அதிலேயே ஒரு கிராம் உப்பு போகலாம். மோர்மிளகாய் இரண்டு, அப்பளம் இரண்டு என்று சேர்த்தால், அப்பளக்காரத்தில் உள்ள சோடியமும் கணக்கில் ஏறும். கருவாட்டில் இன்னும் அதிகம். கல்லுப்பு, இந்துப்பு, தூள் உப்பு எதுவானாலும் சோடியம் ஏறத்தாழ ஒன்றுதான். அயோடின் கலந்ததா என்பது மட்டும் முக்கியமான வித்தியாசம். பாத்தியிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் உப்பில் போதிய அயோடின் கிடையாது.

மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு சொட்டு வியர்வை சிந்துவதில்லை. உப்பளத்துக்காரரின் கருவாடும் ஊறுகாயும் அவருக்கு இரத்தக் கொதிப்பாகப் போய்ச் சேரும். உப்பளத்தில் இருப்பவருக்கோ உப்பைவிடப் பெரிய குறை தண்ணீர். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சோற்றில் என்ன குறை என்று தேடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

இப்போது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பேக்கரி சாண்ட்விச்சுக்கு மாறுகிறார்கள். இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியில் 150 கலோரி, 5 கிராம் புரதம். வெண்ணெயும் சீஸும் சாஸும் தடவுவதற்கு முன்பே அரை கிராமுக்கு மேல் உப்பு. மாவு பிசையும்போதே அது சேர்ந்துவிடுகிறது, நாக்குக்குத் தெரியாது. ஆனால் சாண்ட்விச்சுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இரண்டு துண்டோடு அது முடிந்துவிடும். சோற்றுக்கு அந்த எல்லை கிடையாது. டப்பாவின் கொள்ளளவுதான் எல்லை. பெரிய டப்பா வாங்கிய வீட்டில் பெரிய சாப்பாடு.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குப் பருப்பும் காயும் தாராளமாகப் போட்ட புழுங்கலரிசி சாம்பார் சாதம் முதலிடம். வெயில் கடுமையான மாதங்களில் அந்த இடம் தயிர் சாதத்துக்கு. ஊறுகாய்க்குப் பதில் வெள்ளரியோ கேரட் துருவலோ, கூட ஒரு கிண்ணம் சுண்டல். எலுமிச்சை சாதம் கடலை நிறைய இருந்தால் மூன்றாவது. எண்ணெயும் உப்பும் கூடுதல் என்பதால் புளிசாதத்தைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேங்காய் சாதத்தைச் சமைத்த சூட்டோடு வீட்டில் சாப்பிடுங்கள், டப்பாவில் வேண்டாம். உப்பளத்துக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்குப் பழைய சோறும் நீராகாரமும்தான் சரி. கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டு, வாரத்தில் சில நாளாவது அதற்குப் பதில் ஆறுகாட்டுத்துறையில் வந்திறங்கும் மத்தி மீனைக் குழம்பாக எடுத்துப் போகலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன உப்பளவைத் தாண்ட வேண்டாம்.

நாளைக் காலை டப்பா கட்டும்போது சோற்றை அமுக்காமல் போடுங்கள். அமுக்காமல் விட்ட அந்த இடத்தில் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி பயறோ பிடிக்கும். உப்பளம் நடத்துகிறவர்களே, பாத்திக்கு எட்டும் தூரத்தில் குடிதண்ணீர் வையுங்கள், பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள்.