பிள்ளைக்கு ஓயாத சளியா?

"பெங்களூர் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக் கஷாயம் கொடுத்துக் காலம் தள்ளுகிறோம். குளிர் மட்டுமா காரணம்?

இந்நகரக் குழந்தை மருத்துவர் எச்.பரமேஷ் 20 ஆயிரம் பிள்ளைகளை ஆராய்ந்தார். 1979-ல் நூற்றுக்கு 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 1999-ல் அது 29.5 ஆகிவிட்டது! பள்ளிகளை ஒப்பிட்டபோது, வாகனம் குறைந்த பகுதியில் நூற்றுக்கு 11 பேர். நெரிசலான பகுதியில் 19. நெரிசலோடு வறுமையும் சேர்ந்த இடத்தில் 31. சிவாஜிநகர் பஸ் நிலையப் புகையில் வாழும் நமக்கு இது புரியாதா?

சாதாரண சளி பத்து நாளில் விலகும். காய்ச்சல் இல்லாமல் காலையில் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, பின்னிரவு இருமல், மூச்சில் விசில் சத்தம் என்று மாதாமாதம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் 'இன்ஹேலர்' தந்தால், "பழக்கமாகிவிடுமே" என்று பயந்து நிறுத்தாதீர்கள். அது வீண் பயம்.

முழங்கை, முழங்கால் மடிப்பில் தோல் வறண்டு அரிப்பது கரப்பானாக இருக்கலாம், அது ஒட்டாது. விரலிடுக்கில் தொடங்கி, இரவில் வீடே சொறிந்தால் சொறிசிரங்கு; எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும்.

எதையாவது தின்றதும் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறுகிறதா? நடு ராத்திரியானாலும் பவுரிங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.