பாக்டீரியா ஆலை எங்கே நிற்கிறது?

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதியக் கடைசி நாள் நெருங்குகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: “இனி பாக்டீரியாவே நூல் தருமாமே, பயோடெக் எடுக்கலாமா?” 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘பயோஇ3’ கொள்கையை ஒட்டிய பேச்சு இது. 2030க்குள் 30,000 கோடி டாலர் உயிரிப் பொருளாதாரம் என்கிறது அரசு. தடுப்பூசி, பிடி பருத்தி, எத்தனால் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நூல் கதை பாதி உண்மை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், டூபான்ட்டும் டேட் அண்டு லைலும் கூட்டாகத் தொடங்கிய ஆலையில் 2006 முதல் மக்காச்சோளச் சர்க்கரையைத் தின்று ஈ.கோலை பாக்டீரியா 1,3-புரோப்பேன்டையால் என்ற திரவத்தைத் தருகிறது. ‘சொரோனா’ இழைக்கு அதுதான் மூலப்பொருள். அந்த இழையின் எடையில் செடியிலிருந்து வருவது 37 சதவீதம். மீதி பெட்ரோலியம்.

மரபணுவைப் புகுத்தியதும் வேலை முடிந்தது என்பதுபோல விளம்பரங்கள் பேசுகின்றன. முடிவதில்லை. சர்க்கரை அந்தத் திரவமாக மாறும் கடைசிப் படியில் நொதிக்கு எலக்ட்ரான் வேண்டும். அதைச் சுமந்து வரும் துணைக்காரணிகள் இரண்டு: என்ஏடிஎச், என்ஏடிபிஎச். சிம்ப்ளெக்ஸிலிருந்து ரோவிங் பாபின் நிறைந்து வராவிட்டால் ஸ்பின்னிங் நிற்கும் என்பது ராஜபாளையத்து மில்காரர்களுக்குத் தெரியும். இங்கும் அப்படியே. நொதி எவ்வளவு இருந்தாலும் சுமை வராவிட்டால் உற்பத்தி நிற்கும். துணைக்காரணியை வெளியிலிருந்து வாங்கி ஊற்றவும் முடியாது. விலை அதிகம், செல்லுக்குள் நுழையவும் நுழையாது.

டூபான்ட் ஆய்வாளர்களின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான். காற்று கிடைக்கும் செல்லில் என்ஏடிஎச் ஆற்றலுக்காக உடனே எரிந்துவிடும். என்ஏடிபிஎச் பெரும்பாலும் சுமையோடே இருக்கும். ஆகவே, கடைசிப் படிக்கு ஈ.கோலையிலேயே இருந்த, என்ஏடிபிஎச்சைப் பயன்படுத்தும் நொதியைப் பிடித்தார்கள். விளைச்சல் ஏறியது.

ஆனால் என்ஏடிபிஎச் சும்மா வருவதில்லை. சர்க்கரையைப் பென்டோஸ் பாதையில் திருப்பினால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு கிடைக்கும். அதற்கு ஆறு கார்பனில் ஒன்று கரியமில வாயுவாகப் போய்விடும். என்ஏடிஎச்சின் எலக்ட்ரானை இடம் மாற்றும் நொதியைக் கூட்டலாம். அதற்கும் செல் தன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2008இல் வேறு வழி காட்டினார்கள். குளுக்கோஸை உடைக்கும் வழக்கமான பாதையில் ஒரு நொதியை எடுத்துவிட்டு, கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் நொதியை வைத்தார்கள். கார்பன் இழப்பில்லாமல் என்ஏடிபிஎச் கிடைத்தது, அதைக் கொண்டு செல் ஆக்கும் லைகோபீன் நிறமியும் கூடியது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனாலும் அந்தப் படியில் வர வேண்டிய என்ஏடிஎச் குறைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் கடைசியில் சர்க்கரையில் வந்து நிற்கிறது; என் கவலை அதில்தான். சர்க்கரை என்றால் நமக்குக் கரும்பு. கரும்பு என்றால் தண்ணீர். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ சர்க்கரை என்று சொல்லாமல் ‘பசுமை வேதிப்பொருள்’ என்று எந்த அமைச்சகம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

பாக்டீரியா நூல் நூற்குமா? இல்லை, திரவம்தான் தரும். இழையாக்குவது ரசாயன ஆலை.

நம் பஞ்சாலைகளுக்கு ஆபத்தா? சொரோனாவின் போட்டி நைலான், பாலியஸ்டரோடு.

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம்? நிகர்நிலைப் பல்கலைக்கழகம், சேர்க்கை தனி, கலந்தாய்வில் வராது.

எடுக்கலாமா? வேதியியலும் கணக்கும் பிடித்தால் எடுங்கள். பட்டியலைப் பூட்டும் முன் அதில் நீங்கள் முதலில் வைக்கும் கல்லூரிக்கு ஒருமுறை போய், ஃபெர்மென்டர் மாணவர் கையில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.