ஆரம்ப வகுப்புகளில் கணிப்பீடும் மதிப்பீடும்

மாணவர்களே! கணிப்பீடு, மதிப்பீடு ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கருதி விடையெழுதுவோர் பலர். பிள்ளை எதைக் கற்றுள்ளது, எங்கே தடுமாறுகிறது என அறிவது கணிப்பீடு. அறிந்ததைக் கொண்டு அடைவின் தரத்தைத் தீர்மானிப்பது மதிப்பீடு.

1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் தரம் 1-2, தரம் 3-4, தரம் 5 என மூன்று முதன்மை நிலைகளை வகுத்தது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை கட்டாயம் அடையவேண்டியவை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் எனப்பட்டன.

கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் 2009 மே மாதம் போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பின. தரம் 2 இல் படிப்பு முறிந்த பிள்ளை, 2010 இல் வயதின்படி தரம் 4 இல் அமர்ந்திருக்கும். தவணைப் பரீட்சை வைத்தால் 20 புள்ளி என்பது தெரியவரும், அவ்வளவுதான். ஆசிரியர் அருகிருந்து வாசிக்கச் செய்தாலோ, ‘கெ’, ‘கே’ வேறுபாட்டில் அது தடுமாறுவதும், கழித்தலில் கடன் வாங்கத் தெரியாதிருப்பதும் புலப்படும். கற்பித்தலை அங்கிருந்து தொடங்கலாம். (பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இது இலகுவன்று.)

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நோக்கம் வேறு. அது தெரிவு செய்வதற்கானது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதை அது கூறாது. விடையில் இவ்வேறுபாட்டை உதாரணத்துடன் எழுதுங்கள்.